பக்கத்துப் பக்கத்துல கிடைச்ச நாலு ரோமன் வெள்ளிக் காசு: இங்கிலாந்து சட்டப்படி இது ட்ரெஷரா (அரசுக்கு அறிவிச்சே ஆகவேண்டிய புதையல்), இல்லையா?

வயல்வெளி_லிங்கன்:
வணக்கம் மக்களே. நான் இருக்கிறது லிங்கன்ஷயர் பக்கம், லீவு நாள்ல மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டு வயலுக்குப் போற ஆளு. நிலத்துக்காரர்கிட்ட எழுத்துலயே பெர்மிஷன் வாங்கியிருக்கேன், எது கிடைச்சாலும் பாதிக்குப் பாதின்னு அதுலயே போட்டிருக்கு. போன சீசன்ல அந்த வயல்ல ஒரு டெனாரியஸ் (ரோமன் வெள்ளிக் காசு) கிடைச்சுது, பேரரசர் வெஸ்பாசியன் காசு. தனிக் காசுதானேன்னு போட்டோ எடுத்து, ஜிபிஎஸ் குறிச்சு வச்சிருந்தேன். இப்ப பார்லி அறுத்து உழுது போட்டதும் திரும்பப் போனா அதே மூலையில இன்னும் மூணு. ஒண்ணு மார்க் ஆண்டனி தன்னோட லீஜியன்களுக்கு, அதாவது படைப்பிரிவுகளுக்கு, அடிச்ச காசு, கப்பல் தெரியுது ஆனா துடுப்பெல்லாம் தேஞ்சு வெறும் கோடாதான் இருக்கு, எந்த லீஜியன்னு நம்பர் படிக்கவே முடியல. ஒண்ணு பேரரசர் ட்ராஜன். கடைசி அவருக்கு அடுத்து வந்த ஹேட்ரியன், அது மட்டும் தாடி முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுற அளவுக்குப் புதுசா இருக்கு. நாலுக்கும் நடுவுல அதிகபட்ச தூரம் பன்னெண்டு மீட்டர்கூட இருக்காது. அதே வயல்ல ரொம்பத் தள்ளி வேலி ஓரமா கூட வந்த நண்பருக்கு பேரரசர் காலியெனஸோட காசு ஒண்ணும் கிடைச்சுது, முள்ளு கிரீடம் வச்ச அந்தச் செம்பு கலர் ரேடியேட்.

கிளப்ல ஒருத்தர், ஒவ்வொண்ணும் தனித்தனியா கிடைச்சதுதானே, தனிக் காசு ட்ரெஷர்ல வராது, விட்டுருன்னு சொல்றார். இன்னொருத்தர் ரெண்டு வெள்ளிக் காசு இருந்தாலே ட்ரெஷர்ங்கிறார். எது சரி? ட்ரெஷர்னா 14 நாளுக்குள்ள அறிவிக்கணுமே, அந்தக் கணக்கு எதுலேருந்து ஆரம்பிக்குது?

பழங்காசு_பித்தன்:
ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி பாதி உண்மை இருக்கு. 1996 ட்ரெஷர் ஆக்ட் (1997 செப்டம்பர்லதான் அமலுக்கு வந்துது) சொல்றது இதுதான்: 300 வருஷத்துக்கு மேல பழசா, எடையில 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருக்கிற காசுன்னா ரெண்டு போதும், வெள்ளி அதுக்குக் கம்மின்னா குறைஞ்சது பத்து காசு வேணும். ஆனா ரெண்டுக்குமே ஒரு நிபந்தனை, அதெல்லாம் ஒரே கண்டெடுப்பைச் சேர்ந்ததா இருக்கணும். எல்லாரும் வெள்ளி எவ்வளவுன்னுதான் கேப்பாங்க, உங்க கேஸ்ல அந்தக் கேள்வியே இல்ல, நாலுமே நல்ல வெள்ளி, 10 சதவீதத்தை எங்கயோ தாண்டி நிக்குது. இந்த நாலு காசும் ஒரு காலத்துல ஒண்ணா இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி. அதை நீங்களோ நானோ உங்க கிளப் நண்பரோ முடிவு பண்ண முடியாது.

புதுசா_வந்தவன்:
ஒண்ணா இருந்துச்சுன்னா ஒரே குழியில, ஒரே பானையில இருந்து எடுத்திருக்கணும்னு அர்த்தம் இல்லையா? இவர் வேற வேற இடத்துல, வேற வேற வருஷத்துல எடுத்திருக்காரே.

பழங்காசு_பித்தன்:
இல்லங்க. ஒரே இடத்துல கிடைச்சதும் சேரும், முன்னாடி ஒண்ணா இருந்து பிரிஞ்சு போனதும் சேரும், சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. காரணம் ஏர். கலப்பையும் ட்ராக்டரும் வருஷா வருஷம் மண்ணைப் புரட்டுறப்ப ஒரு பையில கட்டிப் புதைச்ச காசு கொஞ்சம் கொஞ்சமா இழுபட்டு வயல் பூரா பரவிடும், பையும் மக்கிப் போயிடும், பானைன்னா ஓடா உடைஞ்சு போயிடும். அதனால தனித்தனிக் குழியில கிடைச்சுதுங்கிறது ஒரு வாதமே இல்ல. வேற வேற வருஷத்துல எடுத்தாலும் அதேதான், முதல்ல கிடைச்ச குவியலோட மீதி பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் அதையும் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. ரோமன் ஆளுங்க முன்னூறு வருஷம் குடியிருந்த ஒரு ஊர், சந்தை நடந்த இடம், கோவில் இருந்த இடம்னா அங்க காசு ஒவ்வொண்ணா கைதவறி விழுந்துட்டே இருக்கும். அந்த மாதிரி வயல்ல வெள்ளிக் காசு ரெண்டு கிடைச்சதும் ட்ரெஷர்னு சொல்லிட முடியாது, அது தற்செயலா தொலைஞ்ச காசுங்கதான். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறதுலதான் வேலையே இருக்கு.

மதுரைக்காரி_யுகே:
அந்த வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், மியூசியத்துல வாலண்டியரா உக்காந்து பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். முதல்ல பார்க்கிறது அந்த வயல்ல வேற என்னென்ன கிடைச்சிருக்குங்கிறதை. பிரிட்டன்ல ஒரு சாதாரண ரோமன் குடியிருப்புன்னா கிடைக்கிற காசுல பெரும்பங்கு செம்பு, வெண்கலம், அதுலயும் மூணாம் நாலாம் நூற்றாண்டு சில்லறைதான் அள்ளிக் கொட்டும். வெள்ளி அபூர்வம், ஏன்னா வெள்ளிக் காசு விழுந்தா அன்னைக்கு ஆளுங்க விடமாட்டாங்க, முட்டி போட்டுத் தேடி எடுத்திருப்பாங்க. அப்ப ஒரு சின்ன மூலையில வெண்கலமே இல்லாம வெள்ளியா மட்டும் நாலு வருதுன்னா அது தானா விழுந்த காசு இல்லன்னுதான் தோணும், யாரோ பொறுக்கிச் சேர்த்த காசு.

அடுத்தது தேய்மானம். லிங்கன் அண்ணா எழுதினதைப் படிச்சதும் எனக்கு மனசு அப்படியே துள்ளிடுச்சு. மார்க் ஆண்டனி காசு கிமு 32, 31ல, ஆக்டியம் போருக்கு முன்னாடி படைக்குச் சம்பளம் குடுக்க அடிச்சது. அந்தக் காலத்துக் காசோட ஒப்பிட்டா அதுல வெள்ளி கம்மி. அதனாலதான் அதை யாரும் உருக்கல, நல்ல காசெல்லாம் உலைக்குப் போனப்ப இது மட்டும் நூத்தம்பது இருநூறு வருஷம் கை மாறி மாறி ஓடிட்டே இருந்துச்சு. அது துடுப்பு தெரியாத அளவு தேஞ்சிருக்கணும், வெஸ்பாசியன் நடுத்தரமா தேஞ்சிருக்கணும், ட்ராஜன் அதைவிடக் கம்மியா, ஹேட்ரியன் கிட்டத்தட்டப் புதுசா இருக்கணும். ஹேட்ரியன் காலத்துல ஒருத்தர் மடியில இருந்த காசை அப்படியே கொட்டினா இந்த வரிசைதான் வரும். நாலும் வேற வேற காலத்துல தொலைஞ்சிருந்தா வெஸ்பாசியன் காசும் கொஞ்ச நாள்தான் ஓடி விழுந்திருக்கும், அதுவும் புதுசா இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அண்ணா, அந்த வெஸ்பாசியன் எப்படி இருக்கு?

வயல்வெளி_லிங்கன்:
மூக்கு, கன்னம் எல்லாம் மழுங்கியிருக்கு, எழுத்து படிக்கலாம். ட்ராஜன் அதைவிட நல்லா இருக்கு. நீங்க சொன்ன வரிசைதான் போல!!

மதுரைக்காரி_யுகே:
அப்ப ரொம்ப நல்ல அடையாளம். இதை வச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டாங்க, ஆனா ரிப்போர்ட்ல இதைக் கண்டிப்பா எழுதுவாங்க.

கேள்விக்குறி77:
நான் எதிர்க்கருத்து சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாலே நாலு சாதாரண டெனாரியஸ், இதுக்கு ஆபீசர், மியூசியம், கொரோனர் (ட்ரெஷரா இல்லையான்னு விசாரிச்சு முடிவு சொல்ற அதிகாரி), கமிட்டின்னு ஒரு வருஷத்துக்கு மேல இழுக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரொம்ப நாள் காத்திருந்து கடைசில மியூசியத்துக்கு வேண்டாம்னு திருப்பிக் குடுத்தாங்க. இந்த மாதிரி சின்னச் சின்னதையெல்லாம் ட்ரெஷர்னு இழுத்தா ஜனங்க சொல்றதையே விட்டுருவாங்க. தேடினவன் உழைப்புக்கு மரியாதை வேணாமா?

யாழ்_நாணயம்:
நீங்கள் சொல்லுற கஷ்டம் விளங்குது, தாமதம் உண்மையான பிரச்சினைதான். 1997க்கு முதல் வருசத்துக்கு இருபத்தைஞ்சு கேஸ் அளவிலதான் வந்தது, இப்ப ஆயிரத்துக்கு மேல வருது, ஆக்கள் போதாது. ஆனா உழைப்புக்கு மரியாதை இல்லை எண்டு சொல்லேலாது. மியூசியம் எடுக்குது எண்டா சந்தை விலையை ஒரு சுதந்திரமான கமிட்டி மதிப்பிட்டு, வழக்கமா கண்டெடுத்தவருக்கும் காணிக்காரருக்கும் சரிபாதியாக் குடுப்பினம். மதிப்பு குறைவு எண்டா நீங்களும் உங்கட மதிப்பீட்டை அனுப்பலாம். மியூசியத்துக்குத் தேவையில்லை எண்டா காசு திரும்பி வரும், பதிவு மட்டும் நிலைக்கும். உலகத்தில எத்தினை நாட்டில இப்பிடி இருக்கு? அயர்லாந்துக் குடியரசில அனுமதி இல்லாமல் பழம்பொருள் தேட டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போனாலே குற்றம். ஸ்கொட்லாந்தில ஒரே ஒரு காசு எடுத்தாலும் அறிவிக்கோணும், அங்க 300 வருசம், 10 சதவீதம் எண்ட கணக்கெல்லாம் இல்லை, காணிக்காரருக்குப் பங்கும் இல்லை.

சொல்லாமல் வித்தா என்ன நடக்கும் எண்டதுக்கு 2015ல ஹெரெஃபோர்ட்ஷயர்ல லெம்ஸ்டருக்குக் கிட்ட எடுத்த வைக்கிங் காலப் புதையலைப் பாருங்கோ. முந்நூறு காசளவு இருந்திருக்கும் எண்டு மதிப்பிட்டவை, அந்த வழக்கில மீட்டது முப்பது சொச்சம் மட்டும். 2019ல எடுத்த ரெண்டு பேருக்கும் ஒருவருக்குப் பத்து வருசம், மற்றவருக்கு எட்டரை வருசம் எண்டு தீர்ப்பு, பிறகு அப்பீல்ல குறைச்சவை. முறையா அறிவிச்சிருந்தா பெருங்காசு கிடைச்சிருக்கும். அதைவிட எனக்கு நெஞ்சு பொறுக்காதது அந்தக் காசுகளில வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட்டும் பக்கத்து மெர்சியா அரசர் கேயல்வுல்ஃபும் கூட்டாளிகளா இருந்ததுக்கான சாட்சி இருந்ததுதான். மிச்சத்தில பெரும்பங்கு எங்கை போச்சு எண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

கேள்விக்குறி77:
வைக்கிங் தங்கத்தையும் நாலு டெனாரியஸையும் ஒண்ணா வைக்காதீங்க.

யாழ்_நாணயம்:
அளவு வேறைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா நாலு எண்டது இண்டைக்கு நாலு. கீழ எத்தினை கிடக்குது எண்டு ஆருக்குத் தெரியும்? சோமர்செட்ல ஷாப்விக்ல 1998ல டிடெக்டரோட போனவையின்ர கையில வந்தது 9,000க்கு மேல டெனாரியஸ், பிரிட்டன்ல ஒரே இடத்தில கிடைச்ச டெனாரியஸில அதுதான் ஆகக் கூட. பிறகு தோண்டிப் பாக்கேக்க அது ஒரு ரோமன் கட்டடத்து அறையின்ர மூலையில புதைச்சது எண்டும் அதைச் சுத்தி ஒரு பெரிய வில்லாவே (ரோமன் காலத்துப் பண்ணை மாளிகை) இருந்தது எண்டும் தெரிய வந்தது. அந்த வில்லா அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

மெட்டலர்ஜி_மாணவி:
10 சதவீதம்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? காசை வெட்டிப் பார்ப்பாங்களா? எக்ஸ்ரே பாய்ச்சி என்னென்ன உலோகம் இருக்குன்னு சொல்ற எக்ஸ்ஆர்எஃப் மெஷின்ல வச்சா போதுமே?

பழங்காசு_பித்தன்:
நல்ல கேள்வி. வெட்டவே மாட்டாங்க, பெரும்பாலும் டெஸ்ட்டே தேவைப்படாது, எந்தப் பேரரசர், எந்த வருஷம், எந்த வகைன்னு தெரிஞ்சாலே வெள்ளி எவ்வளவுன்னு தெரியும். அகஸ்டஸ் காலத்து டெனாரியஸ் கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி. கிபி 64ல நீரோ எடையையும் குறைச்சு வெள்ளியையும் குறைச்சார். செப்டிமியஸ் செவெரஸ் வந்தப்போ பாதிக்குப் பாதி. 215ல கரகலா ரேடியேட்னு புதுக் காசு கொண்டு வந்தார், அது அப்படியே சரிஞ்சு சரிஞ்சு 260களின் கடைசியில ரெண்டு மூணு சதவீதம் வெள்ளியோட செம்புக் காசாவே ஆகிப்போச்சு. அதனாலதான் அந்த வேலியோரத்துக் காலியெனஸ் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம்னு சொல்றேன், அவர் தனியா ஆண்ட காலத்துக் காசுன்னா பெரும்பாலும் 10 சதவீதத்துக்குக் கீழ, அந்த வகைக்குப் பத்துக் காசு வேணும், அதோட ஹேட்ரியனுக்கும் அதுக்கும் நடுவுல நூறு வருஷத்துக்கு மேல இடைவெளி. இருந்தாலும் அதையும் காட்டுங்க.

எக்ஸ்ஆர்எஃப்ல ஒரு சிக்கல். அது மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். செம்பு கலந்த வெள்ளிக் காசுல மேல இருக்கிற செம்பு அடிக்கிறப்பவே கொஞ்சம் போயிடும், மண்ணுக்குள்ள கிடந்து இன்னும் கொஞ்சம் கரைஞ்சு போயிடும், அதனால மேல வெள்ளி செறிவா இருக்கும், மெஷின் உள்ளதைவிடக் கூடக் காட்டும். உள்ள செம்பு வச்சு மேல வெள்ளித் தகடு போர்த்தின கள்ளக் காசுன்னா கேக்கவே வேணாம், ஓரத்துல பச்சை பூத்து வெடிச்சிருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

இந்தப் பத்துக் காசு விதி ஏன் வந்துச்சுன்னா, உங்க லிங்கன்ஷயர்லயே கோல்பின்னு ஒரு ஊர், அங்க 7,811 ரேடியேட் கிடைச்சுது. 1982ல அப்பீல் கோர்ட் வரைக்கும் போச்சு. வெள்ளி கணிசமா இல்லாததால இது புதையலே இல்லன்னு லார்ட் டென்னிங் தீர்ப்பு சொன்னார், காசு நிலத்துக்காரருக்கே போச்சு. அன்னைக்குப் பழைய சட்டம், அதுல இன்னொரு கொடுமை என்னன்னா திரும்ப வந்து எடுக்கிற எண்ணத்தோட புதைச்சான்னு நிரூபிக்கணும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு கோர்ட்ல உக்காந்து விவாதிச்சிருக்காங்க. 1996 சட்டம் அதைத் தூக்கிப் போட்டுட்டு வயசு, சதவீதம், எண்ணிக்கைன்னு அளக்க முடிஞ்ச விஷயமா மாத்துச்சு. 2010ல ஃப்ரோம்ல 52,503 காசு ஒரே பானையில கிடைச்சப்ப எந்தக் குழப்பமும் இல்லாம ட்ரெஷர் ஆனது இதனாலதான், அதுலயும் பெரும்பாலானது வெள்ளி கம்மியான ரேடியேட்தான்.

மதுரைக்காரி_யுகே:
ஃப்ரோம் பத்திப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லியே ஆகணும். அதைக் கண்டுபிடிச்சவர் பானை வாய் தெரிஞ்சதும் கையை எடுத்துட்டு மண்ணை மூடிட்டு ஆபீசருக்குப் போன் பண்ணினார். அதனால பானையை அடுக்கடுக்கா எடுக்க முடிஞ்சுது, எந்தக் காசு மேல, எது கீழன்னு தெரிஞ்சுது, கடைசியா அடிச்ச காசுல பெரும்பாலானது மேல இல்லாம உள்ள தள்ளி இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா சேர்த்த உண்டியல் இல்ல, ஒரே தடவையில கொட்டினதுன்னு அதை வச்சுத்தான் சொல்ல முடிஞ்சுது. அவரே அள்ளிச் சாக்குல போட்டிருந்தா 160 கிலோ உலோகம்தான் மிஞ்சியிருக்கும். சஃபோக்ல ஹாக்ஸ்ன்ல 1992ல ஒருத்தர் விவசாயி தொலைச்ச சுத்தியலைத் தேடப் போய் 14,000க்கு மேல சிலிக்வா வெள்ளிக் காசு கிடைச்சப்பவும் இதே மாதிரி நிறுத்திட்டுச் சொன்னார், பெட்டிக்குள்ள எது எது எங்க அடுக்கியிருந்துச்சுன்னு வரைக்கும் பதிவாச்சு. அந்தச் சுத்தியலும் கிடைச்சுது, அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

புதுசா_வந்தவன்:
தனிக் காசு எப்பவுமே ட்ரெஷர் ஆகாதா?

பழங்காசு_பித்தன்:
காசா இருக்கிற வரைக்கும் பொதுவா ஆகாது. ஆனா ஓட்டை போட்டுக் கழுத்துல மாட்டின காசு, கொக்கி வச்சு நகையா மாத்தின காசுன்னா அது பெரும்பாலும் பொருளாத்தான் கணக்கு, வெள்ளில ஒரே ஒரு பொருள் இருந்தாலும் ட்ரெஷர். ஆங்கிலோ சாக்சன் ஆளுங்க ரோமன் காசை ஓட்டை போட்டு மாலையா போட்டுக்கிட்டாங்க, அதனால ஓட்டை இருந்தா தூக்கிப் போடாதீங்க, காட்டுங்க.

கொங்குக்காசு:
கோயமுத்தூர்ல இருந்து எழுதறேனுங்க. எங்க பக்கம் கெடைக்கற ரோமன் வெள்ளியெல்லாம் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ்தானுங்க, நீரோ வெள்ளியைக் கொறைச்சதுக்கு அப்பறம் அடிச்சது கொறைவு. நம்ம ஆளுங்க அப்பவே நல்ல வெள்ளியாப் பார்த்துத்தான் வாங்கியிருக்காங்க. இங்க இருக்கறது 1878 இந்தியப் புதையல் சட்டமுங்க, பத்து ரூவாய்க்கு மேல மதிப்பு இருந்தா கலெக்டருக்கு எழுத்துல சொல்லோணும், நூறு வருசத்துக்கு மேல ஆகியும் அதே பத்து ரூவாதான். கெணறு வெட்டறப்பவும் வூட்டுக்கு அஸ்திவாரம் தோண்டறப்பவும் வந்த காசு எத்தனையோ நேரா தட்டாசாரி பட்டறைக்குப் போயி உருகிப்போச்சுங்க. அதை நெனைச்சா இந்த இழையைப் படிக்கறப்ப ஏக்கமாத்தான் இருக்குது. நாலு காசுக்கு இத்தன பேர் உக்காந்து தேய்மானம் பார்க்கறாங்களே.

வயல்வெளி_லிங்கன்:
எல்லாருக்கும் நன்றி. 14 நாள் கேள்விக்குப் பதில் வரல. முதல் காசு போன வருஷமே கிடைச்சதாச்சே, நான் சட்டத்தை மீறிட்டேனா?

யாழ்_நாணயம்:
இல்லை. 14 நாள் எண்டது கண்டெடுத்த நாளில இருந்து, இல்லை எண்டா இது ட்ரெஷரா இருக்கலாம் எண்டு நம்ப உங்களுக்குக் காரணம் கிடைச்ச நாளில இருந்து. முதல் காசு வந்தபோது அது தனிக் காசு, காரணமே இல்லை. கிட்டக் கிட்ட மற்றது வந்தபோதுதான் காரணம் வந்தது. அதுக்குப் பிறகு ஒரு நாளும் சும்மா போக விடாதேங்கோ. அறிவிக்கத் தவறினா மூண்டு மாதம் வரைக்கும் சிறை, அபராதம் எண்டு சட்டத்தில இருக்கு, பிந்திச் சொன்னா பிறகு பரிசுத் தொகையையும் குறைக்கலாம். கொரோனருக்கு நேரா எழுதத் தேவையில்லை, உங்கட கவுண்டியில கண்டெடுத்த பொருட்களைப் பதியிற ஃபைண்ட்ஸ் லியேசன் ஆபீசருக்கு மெயில் போட்டாக் காணும், அவை அறிவிப்பினம்.

பழங்காசு_பித்தன்:
மெயில்ல நாலுக்கும் ஜிபிஎஸ் தனித்தனியா குடுங்க, எத்தனை ஆழத்துல எடுத்தீங்கன்னும் எழுதுங்க. உழவு எந்தத் திசையில போகுதுன்னு நிலத்துக்காரர்கிட்ட கேட்டு எழுதினா இன்னும் நல்லது, காசு பரவின கோடும் உழவுக் கோடும் ஒத்துப் போகுதான்னு பார்ப்பாங்க. அந்த வயல்ல கிடைச்ச வெண்கலம், ஈயம், உடைஞ்ச ஓடு எல்லாத்தையும் சொல்லுங்க. அந்த மூலையில ஒண்ணுமே கிடைக்கலைன்னா அதையும் எழுதுங்க, அதுவும் தகவல்தான்.

காசைக் கழுவாதீங்க. வினிகர், எலுமிச்சை, டூத்பேஸ்ட், முக்கியமா நம்ம வீட்டுப் புளி, எதுவும் வேணாம். மண்ணோடயே ஒவ்வொண்ணையும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல போட்டு நம்பர் எழுதி வைங்க. புளி போட்டுத் தேய்ச்ச வெள்ளிக் காசைப் பார்த்திருக்கேன், பளபளன்னு இருக்கும், ஹேட்ரியன் தாடி இருக்காது.

கேள்விக்குறி77:
சரி, தாமதம் பத்தி நான் சொன்னதை மாத்திக்க மாட்டேன், அதைச் சரி பண்ணியே ஆகணும். ஆனா இந்தத் தேய்மான வரிசை பத்தி எனக்குத் தெரியாது, அது கலைஞ்சு போயிடக் கூடாதுங்கிறது நியாயம். லிங்கன், ரிப்போர்ட் பண்ணுங்க. குடுக்கிறப்ப ரசீது வாங்காம வராதீங்க.

வயல்வெளி_லிங்கன்:
அப்டேட். ஆபீசரைப் பார்த்துட்டு வந்தேன், ரசீதும் வாங்கிட்டேன். லென்ஸ் வச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஆண்டனி காசுல கொடிக்கம்பத்துக்குக் கீழ நம்பரோட மிச்சம் ஒரு கோடு மட்டும் தெரியுதுன்னு விளக்கைச் சாய்ச்சுக் காட்டினாங்க, நான் அதைக் கவனிக்கவே இல்ல. நாலும் சேர்ந்த ஒரு சின்னப் பண முடிச்சு உழவுல கலைஞ்சதா இருக்கலாம், ஹேட்ரியன் காலத்துல புதைச்சதோ தொலைச்சதோன்னு சொல்லித்தான் ரிப்போர்ட் எழுதப் போறாங்க. டொமிஷியன் ஏத்தின பிறகு சிப்பாய்க்கு வருஷத்துக்கு 300 டெனாரியஸ் சம்பளமாம், அப்ப இந்த நாலு காசு கிட்டத்தட்ட அஞ்சு நாள் கூலி. காலியெனஸை போட்டோ எடுத்துப் பதிவு பண்ணிட்டு அப்பவே நண்பர் கையில திருப்பிக் குடுத்துட்டாங்க. நிலத்துக்காரருக்கும் போன்ல சொல்லிட்டேன், அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த மூலையில திரும்பத் தேடலாமான்னு கேட்டேன், தேடலாம், ஆனா உழவு மண்ணுக்குக் கீழ சிக்னல் போச்சுன்னா தோண்டாம கூப்பிடுங்கன்னாங்க.

மதுரைக்காரி_யுகே:
ரொம்ப சந்தோஷம் அண்ணா! அடுத்து அங்க காசு வந்தா இந்தக் கேஸ் நம்பரையே போட்டு அனுப்புங்க, புது கேஸா ஆரம்பிக்க வேண்டாம். ஓட்டுத் துண்டு சாம்பல் கலர்ல வந்தாலும் எடுத்து வைங்க, பானையா இருக்கலாம்.